இஞ்ஞாசி ஊதிய ஆறாவது பாட்டு

கச்சான் காற்று வழக்கத்துக்குப் பதினோரு நாள் பிந்தி வந்த வருஷத்தில், தூத்துக்குடியில் நாலாம் கேட் என்கிற ரயில்வே கேட்டுக்கு மேற்கே, உப்பு ஏற்றுமதி ஆகிக் காலியாகக் கிடந்த ஒரு கிட்டங்கியில், நாலு பேர் சேர்ந்து மூன்று பகலில் ஒன்பது பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அதற்குப் பிறகு அந்த நாலு பேரின் கையும் வாயும் மூச்சும் அவர்களுக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை.

பாட்டுக் கட்டிப் பாடுகிறவள் மெட்டில்டா. துறைமுகத்துப் பக்கம் சரக்குகளுக்குக் காகிதம் எழுதித் தரும் ஒரு ஆபீசில் வேலை பார்த்தாள். பேசத் தொடங்கினால் கேட்கிறவருக்குத்தான் மூச்சு வாங்கும், அவ்வளவு வேகம், அந்த வேகத்தைத் தாளத்தில் உட்கார வைத்து ராப் ஆக்கியிருந்தாள். டிரம்ஸும் உறுமியும் பேச்சிமுத்து, வெல்டிங் பட்டறைக்காரன். பேஸ் கிட்டார் அஸ்கர், காயல்பட்டினத்திலிருந்து வந்து செல்போன் கடை வைத்திருந்தவன். பதிவு செய்வதும் இணையத்தில் ஏற்றுவதும் அவன் பாடு. டிரம்பெட் இஞ்ஞாசி. மற்றவர்களைவிட அவர் பதினைந்து வயது மூத்தவர். சாவு வீட்டுக்கும் கோயில் சப்பரத்துக்கும் போகிற பேண்டு செட்டில் இருபது வருஷமாக ஊதிக்கொண்டிருந்தவரை, ஒரு சவ ஊர்வலத்தின் பின்னால் நடந்துபோனபோது மெட்டில்டா கேட்டு, அடக்கம் முடிகிறவரை காத்திருந்து, கல்லறைத் தோட்டத்து வாசலில் வைத்தே கூட்டிக்கொண்டு வந்தாள். நாலாம் கேட் என்று குழுவுக்குப் பேர் வைத்தார்கள்.

“மெஷின் சத்தம் ஒண்ணுகூட இருக்கக் கூடாது” என்று மெட்டில்டா சொல்லியிருந்தாள். “ஒவ்வொரு சத்தமும் ஒரு ஆளு கையிலயிருந்தோ வாயிலயிருந்தோ வரணும்.” அவள் சொன்னபடியே எல்லாம் நடந்தது. ஆறாவது பாட்டு, மூடிய ரயில்வே கேட்டுக்கு முன்னால் நிற்கிற சனங்களைப் பற்றியது. நடுவில் அவள் நிறுத்த, ரயில் கடந்துபோவதைப்போல இஞ்ஞாசி ஒற்றை மூச்சில் ஒரு நீண்ட ஊதல் ஊத வேண்டும். நாலாவது தடவை ஊதி முடித்ததும் அவர் டிரம்பெட்டை மடியில் வைத்து, “இது போதுமே மெட்டில்டா, நல்லாத்தான வந்திருக்கு” என்றார். நன்றாகத்தான் வந்திருந்தது. “ரயில் இன்னும் கொஞ்சம் நீளம்ண்ணே” என்றாள் அவள். ஏழாவது தடவையில் நாற்பத்திரண்டு நொடி ஊதினார், முடிவில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் சிரித்தார். மற்ற ஆறையும் அழித்துவிடச் சொன்னாள் மெட்டில்டா, அஸ்கர் அழித்தான்.

பாட்டுகளை ஏற்றி நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு, கப்பலில் வந்த மரத்தடிகளுக்குக் காகிதம் எழுதிக்கொண்டிருந்த மெட்டில்டாவின் வாய் தானாகத் திறந்து, முதல் பாட்டின் முதல் வரியிலிருந்து பாடத் தொடங்கியது. கையால் வாயைப் பொத்தினாள். விரல் இடுக்கு வழியாகப் பாட்டு வந்தது. அதே நேரத்தில் பட்டறையில் பேச்சிமுத்துவின் இரண்டு கையும் வெல்டிங் கம்பியை உதறிவிட்டுக் காற்றை அடிக்க ஆரம்பித்தன, கடையில் அஸ்கரின் இடது கை விரல்கள் ஒரு வாடிக்கையாளரின் செல்போன் கண்ணாடிமேல் ஓடின, மட்டக்கடை பக்கம் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்த இஞ்ஞாசியின் உதடு குவிந்து, எதிர் வரிசை இலைகளெல்லாம் படபடக்கும்படி காற்று போயிற்று. ஒன்பது பாட்டும் முடிந்து நாலு பேரும் ஒருவருக்கொருவர் போன் பண்ணிப் பேசி முடித்தபோது, அஸ்கர் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு, “ஒருத்தர் கேட்டுருக்காங்க” என்றான்.

அப்படித்தான் அது தெரிய வந்தது. உலகத்தில் எங்கே யார் அந்தப் பாட்டைக் கேட்டாலும் இவர்கள் உடம்பு அதை மறுபடியும் வாசித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. நூறு பேர் ஒன்றாகக் கேட்டால் உடம்பு ஒரு தடவை வாசித்தது. ஆனால் ஒருவர் கேட்டு முடித்த நொடியில் இன்னொருவர் தொடங்கினால் இடைவெளி கிடைக்காது. ஏன் இப்படி என்று ஊரில் யாரும் ரொம்ப நாள் கேட்கவில்லை. கடல் ஒரு வருஷம் மீனைத் தருகிறது, மறு வருஷம் தருவதில்லை, அதற்கெல்லாம் காரணம் கேட்டுப் பழகாத ஊர் அது.

ஊர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இதற்கு இடம் கொடுத்தது. பஸ்ஸில் மெட்டில்டாவின் வாய் திறந்தால் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “யாரோ கேக்காங்க, கொஞ்சம் அமைதியா இருங்க” என்று சொல்லப் பழகினார். ஞாயிறு பூசையில் பிரசங்கத்தின் நடுவே அவள் பாடத் தொடங்கியபோது பங்குச்சாமியார் முதல் தடவை முகம் சுளித்தார், இரண்டாம் தடவை காத்திருந்தார், மூன்றாம் தடவை, பூசை நேரத்தில் அந்தப் பாட்டை யாரும் போட வேண்டாம் என்று அறிவித்தார், பிறகு கனடாவிலும் கேட்கிறார்கள், அங்கே ஞாயிறு வேறு நேரத்தில் விடிகிறது என்று யாரோ எடுத்துச் சொல்ல, அவளுக்குக் கதவோரத்து பெஞ்சை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். பேச்சிமுத்து இனி நெருப்பைத் தொடக் கூடாது என்று பட்டறை முதலாளி சொல்லிவிட்டார். மக்ரூன் போடுகிற பேக்கரி ஒன்றில் முட்டை வெள்ளையை நுரைக்க அடிக்கும் வேலைக்கு அவனை எடுத்துக்கொண்டார்கள், இரண்டாவது பாட்டின் தாளத்துக்கு அடித்த நுரையில் செய்த மக்ரூன் வாயில் வைத்ததும் கரைந்துபோகிறது என்று சனங்கள் நேரம் விசாரித்து வந்து வாங்கிப்போனார்கள். அஸ்கர் கடையில் செல்போன் பழுது பார்க்க வந்தவர்கள், அவன் விரல் ஓடுகிறபோது திருகாணி சிதறாமல் தாங்களே தட்டைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கிருந்தோ ஒரு ஆள் தன் வேலை நாளில் கால் மணி நேரம் இவர்களுக்காக ஒதுக்குகிறான் என்றால் நாமும் ஒதுக்கலாம் என்கிற மாதிரி ஊர் நடந்துகொண்டது.

இஞ்ஞாசிதான் எல்லாரையும்விட சந்தோஷமாக இருந்தார். மீன் ஏலக்கூடத்தில் அவருக்கு ஏலம் எழுதுகிற வேலையும் உண்டு. உதடு குவிந்ததும் நோட்டை மூடி அதன்மேல் ஒரு கல்லை வைப்பார், காகிதம் பறந்துவிடும் என்பதால். ஏலக்காரர்கள் விலையைப் பாதியில் நிறுத்திவிட்டு நிற்பார்கள். டிரம்பெட் கையில் இல்லாததால் சத்தம் வராது, காற்று மட்டும் வரும்; அந்தக் காற்றில் மீன்மேல் உட்கார்ந்த ஈக்கள் எழுந்து போகும். முடிந்ததும், “இப்ப யாரோ ஒருத்தன் முழுசாக் கேட்டான்” என்பார்.

ஒருநாள் மெட்டில்டாவிடம் அவர் சொன்னார்: “இருவது வருசமா சாவுக்கு ஊதியிருக்கேன். ஒருத்தனும் கேட்டதில்ல. எல்லாரும் பெட்டியப் பாத்துக்கிட்டு வருவாங்க, அவங்க கவல அவங்களுக்கு. இப்ப கேக்கான்னு என் நெஞ்சுக்கே தெரியுது. இது எத்தன பேருக்குக் கெடைக்கும், சொல்லு.”

அவர் அப்படிச் சொன்னதைப் பின்னாளில் மெட்டில்டா பல தடவை நினைத்துக்கொண்டாள். அவர் சொன்னது பொய் இல்லை. அந்தப் பொய்யில்லாத வார்த்தைக்குப் பின்னால் தான் ஒளிந்துகொண்டதுதான் அவளுக்கு ஆறவில்லை. ஆறு மாதத்துக்குள் அவர் கழுத்து எலும்பு வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது, பாட்டு முடிந்த பிறகு பேச அவருக்கு நேரம் பிடித்தது, ஏலக்கூடத்திலிருந்து வீட்டுக்கு இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் போனார். இதையெல்லாம் அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, அவரே சந்தோஷமாக இருக்கிறபோது நாம் என்ன சொல்ல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இஞ்ஞாசியின் மனைவி தெக்லா, இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை செய்கிறவள், ஒரு மதியம் நேரே மெட்டில்டாவின் ஆபீசுக்கு வந்தாள். வேலைத் துணியோடு வந்திருந்தாள், விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“பாட்ட எடுத்துரு, மெட்டில்டா.”

“மைனி, அண்ணன்தான்...”

“அவங்க சொல்ல மாட்டாங்க. அவங்களுக்கு அது வேணும். அதான் ஒங்கிட்ட வந்தேன். டாக்டரு நெஞ்சில குழலு வச்சுக் கேட்டுட்டு, என்ன வேல செய்யுதாருன்னு என்கிட்ட கேக்காரு. என்னன்னு சொல்ல?”

அப்போது சென்னையில் கடற்கரை ஓரமாக ஒரு பெரிய மேடைக்கு நாலாம் கேட்டைக் கூப்பிட்டிருந்தார்கள். இஞ்ஞாசி மேடை ஏற வேண்டியதுகூட இல்லை, அவர் இடத்தில் யாரையாவது வைத்து வாசித்துக்கொள்ளலாம் என்று மெட்டில்டா முடிவு செய்திருந்தாள். ஆனால் அங்கே வருகிற ஆயிரக்கணக்கான பேர் பாட்டைத் தேடுகிறபோது பாட்டு இருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே ஒரு பெரிய ஆசை அது. அவள் தெக்லாவின் கையைப் பிடித்தாள்.

“பத்து நாள் குடுங்க மைனி. பதினோராவது நாள் காலையில நானே எடுத்துருதேன். மாதா மேல சத்தியம்.”

தெக்லா அவள் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். “பத்து நாள்தான?” என்றாள், பிறகு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

மூன்றாம் நாள், எந்த ஊரிலோ ஒரு பெண் தன் பூனை ஜன்னலிலிருந்து மெதுவாகக் குதிப்பதைப் படம் எடுத்து, அதற்குப் பின்னணியாக ஆறாவது பாட்டின் டிரம்பெட் துண்டை மட்டும் வெட்டி வைத்தாள். அது பிடித்துப்போய் ஒருவன் தன் தகப்பன் விமான நிலையத்தில் கையசைத்துப் போவதற்கு அதை வைத்தான். பிறகு கல்யாணங்களுக்கு வைத்தார்கள், மழைக்கு வைத்தார்கள், குழந்தை முதல் அடி எடுத்து வைப்பதற்கு வைத்தார்கள், யாருடைய எதற்கும் அந்த நாற்பத்திரண்டு நொடி பொருந்திப்போயிற்று. மெட்டில்டாவின் வாய் அமைதியாக இருந்தது, பேச்சிமுத்துவின் கையும் அஸ்கரின் விரலும் ஓய்ந்து கிடந்தன, அந்தத் துண்டில் அவர்கள் வாசிக்கவில்லை. அதனால் ஏழாம் நாள் வரைக்கும், பாட்டை யாரும் கேட்பதில்லை என்றே அவர்கள் மூவரும் நினைத்தார்கள்.

அஸ்கர்தான் கண்டுபிடித்து ஓடி வந்தான். “பாட்ட இப்பவே எடுத்துருவோம். வெட்டி வச்சவங்க வச்சதுதான், ஆனா மூலத்த எடுத்தா பாதியாவது நிக்கும்.”

“மேடை நாளக்கழிச்சு, அஸ்கர்.”

“நீ ஒரு தடவ போய் அவரப் பாரு.”

அவள் போனாள். எட்டாம் நாள் பகல், ஏலம் நடக்கிற நேரம். இஞ்ஞாசி ஒரு ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார், உதடு குவிந்தபடியே இருந்தது, காற்று போய்க்கொண்டே இருந்தது, ஒரு ஊதலுக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ளே இழுத்துக்கொள்ளத்தான் நேரம் கிடைத்தது. சுற்றிலும் ஊர்க்காரர்கள் நின்றார்கள். ஒரு பெண் ஈரத்துணியால் அவர் கழுத்தைத் துடைத்தாள், ஒருவர் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தார். சத்தம் போடாமல் ஏலத்தை விரல் காட்டி நடத்திக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் இஞ்ஞாசி கண்ணால் சிரித்தார், நல்ல சேதி சொல்கிறவர்போல வானத்தைச் சுற்றி ஒரு விரலைக் காட்டினார்: உலகம் முழுக்க. மெட்டில்டா செல்போனை எடுத்து அஸ்கருக்கு, எடுத்துவிடு என்று சொன்னாள். எடுத்தாயிற்று என்று அவன் சொல்ல நாலு நிமிஷம் ஆனது. அந்த நாலு நிமிஷத்துக்குள் அவர் ஐந்து தடவை ஊதினார். ஆறாவதற்கு மூச்சை இழுத்தார்.

அதற்கப்புறம் காற்று வரவில்லை. மூடிய ஏல நோட்டின்மேல் ஈக்கள் வந்து உட்கார்ந்தன.

அடக்கத்துக்குப் பேண்டு செட்டுக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். அவர் நடக்கிற இடத்தைக் காலியாக விட்டு நடந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்குகிற நேரத்தில், பாட்டைத் தன்னிடம் சேமித்து வைத்திருந்த யாரோ எங்கேயோ ஆறாவது பாட்டைப் போட்டார்கள். குழிக்கு இந்தப் பக்கம் நின்ற பேச்சிமுத்துவின் கை எழுந்தது, அஸ்கரின் விரல் தொடையில் ஓடியது, மெட்டில்டாவின் வாய் திறந்து, கேட்டு மூடியிருக்கு நாங்க நிக்கோம், போற ரயிலுக்கு எங்க பேரு தெரியாது என்று படபடவென்று சொல்லிக்கொண்டுபோய் டிரம்பெட் வருகிற இடத்தில் நின்றது. பங்குச்சாமியார் தீர்த்தச் செம்பைக் கையில் பிடித்தபடி நின்றார். நாற்பத்திரண்டு நொடி கழித்து அவள் வாய் அடுத்த வரிக்குப் போனது, கேட்டு தெறந்தாச்சு வாங்க போவோம் என்றது, அவளால் அதைத் தடுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பாட்டை எங்கே போட்டாலும் டிரம்பெட் இடத்தில் வெறுமைதான் கேட்டது. பூனை சத்தமில்லாமல் குதித்தது, தகப்பன் சத்தமில்லாமல் கையசைத்தான். இரண்டு வாரத்தில் எல்லாரும் வேறு பாட்டுக்கு மாறிப்போனார்கள். நாலாம் கேட் சென்னைக்குப் போகவில்லை. பேச்சிமுத்து பட்டறைக்குத் திரும்பினான். அஸ்கர் கிட்டாரை விற்கவில்லை, ஆனால் கடையில் கண்ணில் படாத இடத்தில் வைத்தான். இரண்டு பேரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்த்தால் நின்று பேசினார்கள், வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டார்கள்.

ஆனால் ஒரு மாதம் கழித்து, தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மெட்டில்டாவின் வாய் திறக்க ஆரம்பித்தது. ஆறாவது பாட்டு மட்டும், ஒரே ஒரு தடவை; பேச்சிமுத்துவின் கையும் அஸ்கரின் விரலும் கூடவே எழுந்தன. ஊரில் மறுபடியும் பழகிக்கொண்டார்கள்; நாலு மணிக்கு அவளிடம் யாரும் காகிதம் நீட்டவில்லை, பட்டறையில் பேச்சிமுத்து அதற்கு முன்பே கம்பியைக் கீழே வைத்துவிட்டான். யார் போடுகிறார்கள் என்று அஸ்கரிடம் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“மைனிதான் கேட்டாங்க. நாந்தான் செல்லுல ஏத்திக் குடுத்தேன். ஒங்கிட்ட சொல்ல வேண்டாம்னாங்க.”

மறுநாள் நாலு மணிக்கு அவள் தெக்லாவின் வீட்டு வாசலில் நின்றாள். கதவு திறந்துதான் இருந்தது. தெக்லா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, செல்போனைக் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். செல்போனில் மெட்டில்டா பாடினாள். வாசலிலும் மெட்டில்டா பாடினாள். தெக்லா நிமிர்ந்து பார்த்தாள், நிறுத்தவில்லை. டிரம்பெட் இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டு முழுதும் முடிந்த பிறகு சொன்னாள்:

“ஊதுறதுக்கு முன்னால மூக்கு வழியா இழுப்பாங்க. ஒரு சின்னச் சத்தம். அது மட்டும் இருக்கு. விட்டதத்தான் காணோம்.”

“மைனி, நான் அன்னைக்கு ஒங்ககிட்ட பத்து நாள்...”

“அதச் சொல்லாத.” கோபம் இல்லாமல்தான் சொன்னாள். “சொல்லிட்டா ஒனக்கு லேசாயிரும். எனக்கு என்ன ஆவும்?”

பிறகு எழுந்து, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மெட்டில்டா குடித்தாள். ஒரு பெண் தன் புருஷனின் மூச்சைக் கேட்பதற்கு இவளுடைய குரலைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது என்பதை மெட்டில்டா வீட்டுக்கு நடந்துபோகும் வழியெல்லாம் நினைத்தாள்.

அப்படியே இரண்டு வருஷம் போனது. மூன்றாம் வருஷம் வைகாசியில் ஒருநாள் நாலு மணிக்கு வாய் திறக்கவில்லை. ஆபீசின் பின்பக்கம் தண்ணீர்க் குழாயடியில் வழக்கம்போல் வந்து நின்றிருந்த மெட்டில்டா நாலே கால் வரைக்கும் காத்திருந்தாள். தெக்லா அன்றைக்கு மணப்பாட்டில் அக்காள் பேத்தியின் ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தாள் என்பது மறுநாள்தான் அவளுக்குத் தெரியும். அப்போது அவளுக்குத் தெரிந்ததெல்லாம், தன் வாய் தன்னிடம் இருக்கிறது, அதை மூடிக்கொண்டு உள்ளே போய் வேலையைப் பார்க்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை என்பதுதான்.

அவள் உள்ளே போகவில்லை. முதல் வரியைத் தானே தொடங்கினாள். இரண்டு வருஷம் தானாக வந்த வார்த்தைகளை இப்போது ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது, ஒரு இடத்தில் மறந்துகூடப் போயிற்று, திரும்பிப் போய்ப் பிடித்தாள். டிரம்பெட் வருகிற இடம் வந்ததும் நிறுத்தினாள்.

உள்ளேயிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்து, “மெட்டில்டா, முடிஞ்சிருச்சா? கொழும்பு சரக்குக்குக் கையெழுத்து வேணும்” என்றார்.

அவள் பேசாமல், இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையை உயர்த்தினாள்.